தொட்டியை இடம் மாற்றியபின் மீன்களுக்கு அம்மோனியா பாதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாறும்போதோ, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கோ மீன் தொட்டியைக் கொண்டுபோகிறோம். முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மீன்கள் சோர்ந்துபோய் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பிக்கும். பெரும்பாலும், மீன்களிடமிருந்தே தண்ணீரில் சேரும் அம்மோனியா என்ற நச்சுதான் காரணம். அவசரத்தில் இருப்பவர்கள் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீன்கள் இப்போதே மேலே வந்து மூச்சுக்குத் திணறுகின்றன. முதலில் என்ன செய்வது?

ஏர் பம்ப் இருந்தால் உடனே போடுங்கள். ஏற்கெனவே ஓடினால் இன்னொரு ஏர் ஸ்டோன் சேருங்கள். பம்ப் இல்லையென்றால் ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் இடத்தை உயர்த்தி, நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி செய்யுங்கள். அம்மோனியா செவுளைத்தான் முதலில் தாக்கும். புண்பட்ட செவுளால் தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனைச் சரியாக எடுக்க முடியாது, அதனால் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனையாவது நாம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர் மாற்றம். குளோரின் நீக்கிய, தொட்டியின் அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். கையை விட்டுப் பார்த்து வித்தியாசம் தெரிந்தால் அது அதிக வித்தியாசம். முடிந்தால் தெர்மாமீட்டர் வைத்து ஓரிரு டிகிரிக்குள் கொண்டுவாருங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் வகை வாட்டர் கண்டிஷனர் கையில் இருந்தால், தண்ணீரை மாற்றுவதற்கு முன்பே முழுத் தொட்டிக்கும் சேர்த்துக் கணக்கிட்டு ஊற்றிவிடுங்கள். கண்டிஷனர் இல்லாமல், குழாய்த் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) தொட்டியைவிட அதிகமாக இருந்தால், ஒரே மூச்சில் பாதியை மாற்றாமல் 10 முதல் 15 சதவீதமாகச் சில மணி நேர இடைவெளியில் மாற்றுங்கள். ஏன் என்பதை, தண்ணீரை மாற்றிய உடனே மீன்கள் மோசமாவது பற்றிய பதிலில் சொல்கிறேன்.

விளக்கை அணையுங்கள். உணவு போடாதீர்கள். இறந்த மீன், அழுகிய இலை ஏதாவது இருக்கிறதா என்று கற்களுக்குப் பின்னாலும் பார்த்து எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

இது அம்மோனியாதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேறு ஏதாவது நோயாக இருந்தால்?

தண்ணீரில் உள்ள அம்மோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட் மட்டுமே உறுதியாகச் சொல்லும். இருந்தாலும் சில அடையாளங்கள் உண்டு: செவுள் சிவந்து வீங்கியிருக்கும், துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கி வைத்திருக்கும், துடுப்பில் ரத்தக் கோடுகள் தெரியும், அடியில் படுத்துக்கிடக்கும், உணவைக் கண்டுகொள்ளாது. முற்றிய நிலையில் சுழன்று சுழன்று நீந்தும், திடீரென்று துள்ளும். நரம்பு மண்டலமும் பாதிக்கப்பட்டதன் அறிகுறி அது.

நேரத்தையும் கவனியுங்கள். தண்ணீர் நிரப்பிய சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ எல்லா மீன்களும் ஒன்றாகத் தவித்தால், குளோரினையும் வெப்பநிலை அதிர்ச்சியையும் முதலில் சந்தேகியுங்கள். அம்மோனியா தொட்டியில் சேர்வதற்குப் பொதுவாக ஒன்றிரண்டு நாளாவது ஆகும். ஒரே ஒரு மீன் மட்டும் சோர்ந்து மற்றவை துறுதுறுவென்று இருந்தால் அது வேறு கதை.

ஃபைட்டர், கௌராமி போன்றவை இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கும். கோரிடோரஸும் அவ்வப்போது விர்ரென்று மேலே போய்க் காற்றெடுத்துத் திரும்பும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எப்போதும் செய்வதைவிட அடிக்கடி செய்கிறதா என்பதுதான் கேள்வி.

பழைய தண்ணீரையே வீணாக்காமல் கொண்டுவந்து ஊற்றினேன். அப்படியும் ஏன் இப்படி ஆனது?

தண்ணீரில் பாக்டீரியா அதிகம் இல்லை என்பதால்தான். மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் சரளைக் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. தண்ணீரில் மிதப்பவை சொற்பம். பழைய தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்ததால் பிஎச், வெப்பநிலை திடீரென மாறவில்லை. அந்த அளவில் நல்லதுதான். ஆனால் இந்த நுண்ணுயிர்களை அது காப்பாற்றாது.

இடமாற்றத்தில் அவை சாகும் வழிகள் இவை. ஃபில்டர் மீடியா (அந்த ஸ்பாஞ்சும் செராமிக் ரிங்கும்) காய்ந்துபோவது. "அப்படியே வந்தது வந்துவிட்டோம், சுத்தம் செய்துவிடலாம்" என்று குழாய்த் தண்ணீரில் கழுவுவது; குளோரின் பாதியைக் கொன்றுவிடும், தேய்ப்பது மீதியைக் கழற்றிவிடும். மூன்றாவது பலருக்குத் தோன்றாது: கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) தண்ணீரோடு இறுக மூடி வண்டியில் ஏற்றுவது. உள்ளே இருக்கும் கொஞ்ச ஆக்ஸிஜனை பாக்டீரியாக்கள் தீர்த்துவிடும், பிறகு மூச்சு முட்டிச் சாகும். திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடவே கூடாது.

இன்னொன்று, சரளைக்கு அடியில் மாதக்கணக்கில் படிந்த கழிவு. தொட்டியைத் தூக்கி ஆட்டி இறக்கியதில் அது முழுவதும் கலங்கி மேலே வந்திருக்கும். ஒரு பக்கம் பாக்டீரியா குறைந்து, மறுபக்கம் கழிவு கூடினால் அம்மோனியா ஏறாமல் என்ன செய்யும்?

டெஸ்ட் கிட்டில் 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) காட்டுகிறது. இது ஆபத்தான அளவா?

பிஎச் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பலரும் தவறவிடும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று தனி அம்மோனியா, இது கடும் நச்சு. மற்றொன்று அம்மோனியம், இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. வீட்டில் பயன்படுத்தும் கிட்டுகளில் பெரும்பாலானவை இரண்டையும் கூட்டித்தான் காட்டும். எது எவ்வளவு என்பதை முடிவுசெய்வது பிஎச்சும் வெப்பநிலையும்.

25 டிகிரி செல்சியஸில், பிஎச் 7 என்றால் மொத்தத்தில் ஏறக்குறைய 0.6 சதவீதம் மட்டுமே நச்சு வடிவம். பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கும் சற்று மேல். பிஎச் 8.5 என்றால் 15 சதவீதம். உங்கள் 1 பிபிஎம்மை இதில் போட்டுப் பாருங்கள்: பிஎச் 7-ல் தனி அம்மோனியா 0.006, பிஎச் 8-ல் 0.05, பிஎச் 8.5-ல் 0.15. தனி அம்மோனியா 0.05 பிபிஎம்மைத் தொட்டாலே செவுள் புண்பட ஆரம்பிக்கும். ஆக, அதே 1 பிபிஎம் ஒரு தொட்டியில் சாதாரண எச்சரிக்கை, இன்னொரு தொட்டியில் அவசரநிலை. தண்ணீர் சூடாக இருந்தால் இந்த விகிதம் இன்னும் கூடும்.

நடைமுறைக்கு என் கணக்கு எளிது. பிஎச் 7.5-க்கு மேல் இருந்தால், 0.5 பிபிஎம் கண்டாலே தண்ணீரை மாற்றுவேன். 7-க்குக் கீழே என்றால் பதற்றப்படாமல், ஆனால் தள்ளிப்போடாமல் செய்வேன்.

அப்படியானால் வினிகரோ எலுமிச்சையோ விட்டு பிஎச்சைக் குறைத்துவிட்டால் போதாதா?

வேண்டாம். காகிதத்தில் அழகாகத் தெரியும் யோசனை. தொட்டியில் பிஎச் சடாரென்று இறங்கும், தண்ணீரின் காரத்தன்மை அதைத் திரும்ப மேலே இழுக்கும், மீன் இந்த ஊஞ்சலில் மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே செவுள் புண்பட்ட மீனுக்கு அது இரண்டாவது அடி. மேலும், பிஎச் 6.5-க்குக் கீழே போனால் நல்ல பாக்டீரியாக்களும் சுணங்கிவிடும்.

தண்ணீரை மாற்றிய உடனே மீன்கள் இன்னும் மோசமாகிவிட்டன. ஏன்?

பிஎச்தான் மறுபடியும். நெடுநாள் சரியாகப் பராமரிக்காத தொட்டியில் பிஎச் மெல்ல மெல்ல 6 பக்கம் இறங்கியிருக்கும். அங்கே அம்மோனியா நிறைய இருந்தாலும் அம்மோனியமாகவே அடங்கிக் கிடக்கும். நீங்கள் பிஎச் 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றுகிறீர்கள். மொத்த அம்மோனியா பாதியாகக் குறையும், ஆனால் நச்சு வடிவம் பல மடங்கு எகிறும். அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனரை முதலில் ஊற்றச் சொன்னது இதற்காகத்தான். அது கிடைக்காவிட்டால் ஒரே மூச்சில் 50 சதவீதம் மாற்றாமல், 10 முதல் 15 சதவீதமாகச் சில மணி நேர இடைவெளியில் மாற்றுங்கள்.

பையிலோ மூடிய வாளியிலோ பல மணி நேரம் பயணித்த மீன்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பைக்குள் மீன் விடும் கரியமில வாயு பிஎச்சை இறக்கி வைத்திருக்கும், அம்மோனியா சேர்ந்திருந்தாலும் கடிக்காது. பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியா விழித்துக்கொள்ளும். நெடும்பயணம் முடிந்து திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது அப்போது நன்மையைவிடக் கேட்டையே செய்யும். பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள், திறந்ததும் வலையில் எடுத்துத் தொட்டிக்குள் விடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர் மாற்ற வேண்டும்?

ஒவ்வொரு நாளும் டெஸ்ட் செய்யுங்கள், அளவு சொல்வதைக் கேளுங்கள். 50 சதவீதம் மாற்றினால் அம்மோனியா பாதியாகும். 2 பிபிஎம் 1 ஆகும், இன்னொரு முறை மாற்றினால் 0.5 ஆகும். ஆனால் மீன்கள் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே இருப்பதால் மறுநாள் காலை திரும்ப ஏறியிருக்கும். மனம் தளர வேண்டாம். ஃபில்டர் தேறும்வரை நாம்தான் ஃபில்டர்.

"அடிக்கடி தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடுமே" என்று சிலர் தயங்குவார்கள். போகாது. அவை மீடியாவில்தான் இருக்கின்றன என்று மேலே பார்த்தோமே. குளோரின் நீக்காமல் ஊற்றினால்தான் போகும்.

கண்டிஷனர் ஊற்றிய பிறகும் டெஸ்ட் கிட் அதே அளவைக் காட்டுகிறது. ஏமாற்று வேலையா?

இல்லை. கட்டப்பட்ட அம்மோனியா தண்ணீரில்தான் இருக்கிறது. பச்சை நிறம் காட்டும் சாலிசிலேட் வகை கிட் அதையும் சேர்த்தே எண்ணும். மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சுக்குப் போகும் நெஸ்லர் வகை கிட்டாக இருந்தால், இத்தகைய கண்டிஷனருக்குப் பிறகு பொய்யான அளவைக் காட்டக்கூடும். இந்த மருந்து கொடுப்பது ஒன்றிரண்டு நாள் அவகாசம்தான். அதற்குள் பாக்டீரியா அதைத் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் தண்ணீரை மாற்ற வேண்டும்.

சாதாரண ஆன்டி குளோரின் (சோடியம் தயோசல்ஃபேட்) அம்மோனியாவைக் கட்டாது. உங்கள் குழாய்த் தண்ணீரில் குளோரினுக்குப் பதிலாக குளோராமின் கலந்தால் இன்னும் சங்கடம்: தயோசல்ஃபேட் அதை உடைக்கும்போது அம்மோனியா வெளியே வரும். சந்தேகம் இருந்தால், ஆன்டி குளோரின் போட்ட புதுத் தண்ணீரை மட்டும் தனியாக ஒரு முறை டெஸ்ட் செய்து பாருங்கள்.

உப்பு போடலாமா?

அம்மோனியாவுக்கு உப்பு மருந்து இல்லை. அதற்குப் பின்னால் வரும் நைட்ரைட்டுக்கு உப்பு நல்ல காவல். நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் புகுந்து, ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபடி ஹீமோகுளோபினை மாற்றிவிடும்; ரத்தமே பழுப்பாகும். உப்பில் உள்ள குளோரைடு அதே வழியில் முந்திக்கொண்டு நைட்ரைட்டை உள்ளே விடாது. லிட்டருக்கு அரை கிராம், அதாவது 100 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம் போதும். வேறெதுவும் கலக்காத வெறும் உப்பை, தனியாகத் தண்ணீரில் கரைத்து, சில மணி நேரத்தில் பகுதி பகுதியாக ஊற்றுங்கள். இந்தக் குறைந்த அளவை கோரிடோரஸும் லோச்சும் பெரும்பாலும் தாங்கும், ஆனால் இதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபில்டரில் ஜியோலைட் கல் போட்டிருந்தால் உப்பு வேண்டாம். ஜியோலைட் பிடித்து வைத்த அம்மோனியாவை உப்பு திரும்பத் தண்ணீருக்குள் விடுவித்துவிடும். இரண்டில் ஒன்றுதான். ஆக்டிவேட்டட் கார்பன் அம்மோனியாவைப் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மெத்திலீன் ப்ளூ, ஆன்டிபயாடிக் ஏதாவது?

தொட்டிக்குள் வேண்டாம். தீப்புகையில் மூச்சு முட்டியவருக்கு முதலில் வேண்டியது நல்ல காற்றுதானே, மாத்திரை இல்லையே. மெத்திலீன் ப்ளூ ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும். ஆன்டிபயாடிக்குகள் சிலவும் அப்படியே. மீட்டெடுக்கப் பாடுபடும் நேரத்தில் அதையே கொல்வதில் என்ன லாபம்? பிறகு பஞ்சு போன்ற வெள்ளைப் படலமோ, துடுப்பு அரிப்போ வந்தால், அதற்கென்று பார்த்துக்கொள்ளலாம்.

நோயுற்ற மீனைத் தனித் தொட்டியில் போடலாமா?

ஃபில்டரில் பாக்டீரியா வளராத புதுத் தொட்டியோ வாளியோ என்றால், அங்கேயும் ஒரே நாளில் அம்மோனியா ஏறும், அதுவும் தண்ணீர் குறைவு என்பதால் வேகமாக. மற்ற மீன்கள் அதைக் கொத்தித் துன்புறுத்தினால் தவிர, இருந்த இடத்திலேயே விடுங்கள். துரத்திப் பிடிப்பதே அதற்குப் பெரும்பாடு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டி உங்களிடம் இருந்தால், அப்போது யோசிக்கலாம்.

ஃபில்டரை எப்படித் திரும்ப உயிர்ப்பிப்பது?

முதலில் அதை நிறுத்தாதீர்கள். இரவில் சத்தம் என்று அணைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய மீடியா எவ்வளவு அழுக்காகத் தெரிந்தாலும் தூக்கி எறியாதீர்கள். தண்ணீர் ஓட்டமே அடைபட்டால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக அலசிப் போடுங்கள்.

இருப்பதிலேயே சிறந்த வழி கடன் வாங்குவது. நோயில்லாத, மாதக்கணக்கில் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு ஸ்பாஞ்சோ, ஒரு கைப்பிடி செராமிக் ரிங்கோ கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். வித்தியாசம் ஓரிரு நாளிலேயே டெஸ்ட் கிட்டில் தெரியும். அந்த ஸ்பாஞ்சை அவர் தொட்டித் தண்ணீரில் பிழிந்து வரும் பழுப்புச் சேறுகூட உங்கள் மீடியா மேல் ஊற்ற உதவும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா சில நேரம் கைகொடுக்கும். வெயிலில் கிடந்தது, தேதி முடிந்தது என்றால் வெறும் தண்ணீர்தான். அதை ஊற்றிவிட்டோம் என்று தண்ணீர் மாற்றுவதை நிறுத்தாதீர்கள்.

ஹார்ன்வொர்ட் போன்ற வேகமாக வளரும் செடிகளும் மிதக்கும் செடிகளும் அம்மோனியாவை நேரடியாக உணவாக எடுத்துக்கொள்ளும். இருந்தால் அள்ளிப் போடுங்கள்.

பழைய மீடியாவில் கொஞ்சமாவது உயிர் மிஞ்சியிருந்தால் சில நாள் முதல் இரண்டு வாரத்தில் சரியாகும். முழுவதும் செத்துப்போயிருந்தால் புதுத் தொட்டி கணக்குத்தான்: நான்கு முதல் ஆறு வாரம்.

எப்போது உணவு போடலாம்?

முதல் இரண்டு நாள் ஒன்றும் வேண்டாம். ஆரோக்கியமான பெரிய மீன் ஒரு வாரம்கூடத் தாங்கும். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். குஞ்சுகளுக்கு மட்டும் இந்தப் பட்டினி பொருந்தாது. அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, தண்ணீரைக் கூடுதலாக மாற்றுங்கள்.

அம்மோனியா சுழியம் காட்டுகிறது. ஆனாலும் மீன்கள் திணறுகின்றன.

நைட்ரைட்டை டெஸ்ட் செய்யுங்கள். அம்மோனியா இறங்கும்போதுதான் நைட்ரைட் ஏறும். செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரிந்தால் அதுதான். மேலே சொன்ன உப்பும், தண்ணீர் மாற்றமும், கூடுதல் காற்றும் போதும்.

இரண்டுமே சுழியம் என்றால், பெரும்பாலும் பழைய புண் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். செவுளின் மெல்லிய இழைகள் அம்மோனியாவால் தடித்துப்போயிருக்கும். அவை பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகலாம். அதுவரை ஏர் பம்பை எடுக்க வேண்டாம்.

மீன் தேறுகிறது என்பதற்கு என்ன அடையாளம்?

செவுள் மூடி ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணுங்கள். ஒரே நேரத்தில், ஒரே மீனை, தினமும். அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் நல்ல செய்தி. அதற்குப் பிறகு மடங்கிய துடுப்பு விரியும், பிறகு நீங்கள் கண்ணாடி அருகே வந்ததும் உணவுக்காக முன்னால் வரும். பொதுவாக இந்த வரிசையில்தான் நடக்கும்.

கோல்ட் ஃபிஷ் வைத்திருப்பவர்கள் ஒரு வாரம் பத்து நாளில் துடுப்பு ஓரத்திலோ உடம்பிலோ கருப்புத் திட்டுகளைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். புண் ஆறும் இடத்தில் நிறமி சேர்வதுதான் அது. பெரும்பாலும் தானாக மறையும். ஆனால் அம்மோனியா இன்னும் இருக்கும்போது புதுப்புதுத் திட்டுகள் வந்தால், ஆறுவதும் புண்படுவதும் ஒருசேர நடக்கிறது என்று பொருள். டெஸ்ட் கிட்டை எடுங்கள்.

அடுத்த முறை இடம் மாற்றும்போது என்ன செய்ய வேண்டும்?

இரண்டு நாள் முன்பே உணவை நிறுத்துங்கள். ஃபில்டரைக் கடைசியாகக் கழற்றுங்கள், புது இடத்தில் முதலில் மாட்டுங்கள். மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, தண்ணீரை வடித்து, ஈரமாக, மூடி இறுக்காத டப்பாவில் வையுங்கள். முழுக மூழ்கடித்து இறுக மூடுவதைவிட இது மேல், ஏனென்றால் ஈரமான மீடியாவுக்குக் காற்று கிடைக்கும். பயணம் நீண்டால் மட்டும், மீடியாவைத் தொட்டித் தண்ணீர் உள்ள திறந்த வாளியில் போட்டு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வையுங்கள்.

சரளை இருக்கும் தொட்டியைத் தண்ணீரோடு தூக்காதீர்கள், கண்ணாடி ஒட்டு விட்டுப்போகும். சரளையைத் தனியே எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசி, அடிச்சேற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். அந்த ஒரு வேலை பாதிப் பிரச்சினையைத் தவிர்க்கும். அதே வாரத்தில் ஃபில்டர் சுத்தம், புது மீடியா, புது மீன் எதுவும் வேண்டாம்.

புது மீன் எப்போது சேர்க்கலாம்?

அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரமாவது சுழியத்தில் நிற்க வேண்டும், அதுவும் வழக்கமான உணவைப் போட்டுக்கொண்டிருக்கும்போது. பட்டினி போட்டு வந்த சுழியம் கணக்கில் சேராது. பிறகும் ஒரே தடவையில் நிறையச் சேர்க்காமல், ஒன்றிரண்டு சிறிய மீன்களை விட்டு, ஒரு வாரம் கிட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததை விடுங்கள்.